கல்லில் எழுதிய ஆதுலர்சாலை

பாழடைந்த கோயிலுக்குள் நுழைகிறவன், கர்ப்பக்கிருகத்தில் மூர்த்தி இல்லையென்று தெரிந்திருந்தும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறான். பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவனோ, அந்தச் சுவர்களுக்குள் எத்தனையோ பேர் பிறந்தும் இறந்தும் போனார்கள், பெற்றவர்களும் பிள்ளைகளும் இரவெல்லாம் தெய்வத்தை அழைத்தபடி விழித்துக் கிடந்தார்கள் என்பதை நன்றாக அறிந்திருந்தும், உடைந்த கண்ணாடி காலில் குத்திவிடுமே என்று செருப்பை இறுக்கிக்கொண்டு நுழைகிறான். இதை அவனுடைய அசிரத்தை என்று தள்ளிவிட முடியவில்லை. பிரார்த்தனையின் உருக்கத்தைக் கொண்டு ஓர் இடத்தின் புனிதத்தை நிறுப்பதானால், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்த பிரார்த்தனைக்கு ஈடாகப் பல சந்நிதிகளில் நடந்திராது. அப்படியிருக்க, கோயில் இடிந்த பின்னும் புண்ணிய ஸ்தலமாகவே நிலைத்திருப்பதும், ஆஸ்பத்திரி மட்டும் நோயாளிகள் வெளியேறிய மறுநாளே வெறும் கட்டடமாகிவிடுவதும் ஏன்?

கைவிடப்பட்ட ஆஸ்பத்திரிகளைத் தேடிப்போய்ப் படமெடுப்பது இக்காலத்தில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பெர்லினுக்கு அருகே பீலிட்ஸ் என்னுமிடத்தில் காசநோயாளிகளுக்கென்று எழுப்பி, முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாயாக ஹிட்லர் 1916இல் படுத்திருந்து, பின்னால் சோவியத் ராணுவம் பல்லாண்டுகள் வைத்திருந்துவிட்டுப் போன பெரிய சிகிச்சாலயத்தின் இடிபாடுகள் உலகெங்கும் படங்களாகப் பரவியிருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்த கோலார் தங்கவயலில், 2001இல் சுரங்கம் மூடப்பட்டதோடு அதன் ஆஸ்பத்திரியும் பாழாகி, படமெடுப்பவர்களின் கண்ணுக்கு விருந்தாயிற்று. துருப்பிடித்த கட்டில், உரிந்து தொங்கும் சுண்ணாம்பு, ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில் என்று எந்த தேசத்து ஆஸ்பத்திரியானாலும் படம் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்தால், அந்தப் படங்களில் ஆஸ்பத்திரி அகப்படவில்லை, சிதைவு மட்டுமே அகப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், நோயாளிகளென்று தடுத்து நிறுத்தப்பட்ட குடியேறிகள் கிடந்த ஆஸ்பத்திரியின் பாழ்ச்சுவர்களில், ஜே.ஆர். என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 2014இல் அக்காலத்து மனிதர்களின் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி ஒட்டினார். சுவர் மட்டும் போதாது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த விசாரத்துக்குக் காஞ்சிபுரத்துக்காரன் கடல் கடக்க வேண்டியதில்லை. வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டுச் சாலையில் சென்று, நரசிம்மர் மலைமேல் இருக்கும் பழையசீவரத்துக்கு எதிரே பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே கூடுகின்றன; கூடுகின்றன என்பது சாஸ்திரோக்தமான வார்த்தை, வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் மணலோடு கூடுகிறது. அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் பட்டமேறிய 5ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1068இல், வெட்டப்பட்ட 55 வரிச் சாசனம் ஒன்று இருக்கிறது. 1915இல் படியெடுத்த அதைப் பின்னர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார். வேதமும் வியாகரணமும் ஆகமமும் சொல்லிக்கொடுத்த ஒரு பாடசாலை, அதன் மாணாக்கர்களுக்கு ஒரு விடுதி, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலை ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. மாதவன் என்னும் வைசியர் கட்டிய ஜனநாத மண்டபத்தையும் அதே சாசனம் பேசுகிறது. அதற்கு முன்பே தஞ்சையில் குந்தவையார் தம் தந்தை சுந்தரசோழர் பெயரால் ஓர் ஆதுலர்சாலைக்கு நிவந்தம் விட்டிருந்தார். ஆனால் உள்ளே யார் யார் வேலை பார்த்தார்கள், என்னென்ன மருந்து இருந்தது என்று நம்மை உள்ளே அழைத்துக் காட்டுவது திருமுக்கூடல் கல்தான்.

ஆஸ்பத்திரி என்று விரலை நீட்டிக் காட்ட இன்று அங்கே ஒன்றுமில்லை. பூஜை செய்துகொண்டிருந்த பட்டாச்சாரியாரிடம், "சுவாமி, அந்தக் காலத்து வைத்தியசாலை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டேன். அவர் உத்தரணியில் தீர்த்தத்தை எடுத்தபடியே, "எந்தப் பக்கம்னு எதைச் சொல்றது சார்? பெருமாளே வைத்தியர். இதோ, இதுதான் மருந்து, வாங்கிக்கோங்கோ" என்றார். துளசியும் பச்சைக் கர்ப்பூரமும் மணத்த அந்தத் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் பிழையில்லை; விஷ்ணு சகஸ்ரநாமம் பகவானை மருந்து என்றும் மருத்துவன் என்றும் அடுத்தடுத்துப் பெயரிட்டு அழைக்கிறது. ஆனால் பெருமாளே வைத்தியர் என்று பரிபூரணமாக நம்பிய அந்த 11ஆம் நூற்றாண்டு மனிதர்கள்தான், அதே பெருமாளின் சுவரில், சல்லியக்கிரியை, அதாவது ரண சிகிச்சை, பண்ணுகிறவனுக்கு ஆண்டுக்கு 30 கலம் நெல் என்றும் எழுதி வைத்தார்கள். நம்பிக்கை அவர்களுடைய கையைக் கட்டிவிடவில்லை.

கணக்கைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். தலைமை வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அவருக்குக் கீழே சல்லியக்கிரியைக்காரன். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து அடுகிறவர்கள் இருவர். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர். 15 கலம் பெறுகிற நாவிதன் ஒருவன். தண்ணீர் கொண்டுவருகிறவன் ஒருவன். படுத்திருக்கும் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுவதும் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகள். அவற்றுள் புராண கிருதம் என்பது நாட்பட நாட்பட வீரியம் ஏறும் பழைய பசுநெய், ஆகையால் இந்த வருஷம் வைத்தது என்றோ வரப்போகிற நோயாளிக்கு ஆகும்.

இதை வாசிக்கும்போது எனக்கு உண்டாகிற ஆச்சரியம், கருணை என்ற உணர்ச்சி எங்கேயும் பேசப்படவில்லை என்பது. இரக்கத்தைப் பற்றிய ஒரு வார்த்தையை எதிர்பார்க்கிறவனுக்கு நெல், காசு, எண்ணெய், நெய் என்று ஒரு கணக்கப்பிள்ளையின் பட்டோலைதான் கிடைக்கிறது. இரக்கம் வரும், போகும். இரவில் நோயாளி தண்ணீர் கேட்கிறபோது எழுந்து கொடுப்பவனுக்கு இரக்கம் அந்த நேரத்தில் வற்றிப்போயிருக்கலாம். அவனுக்குச் சேர வேண்டிய நெல் சேர்ந்திருந்தால், இரக்கம் வற்றிய இரவிலும் அவன் எழுந்திருப்பான். தர்மத்தை மனோபாவத்தின் பொறுப்பில் விடாமல் ஊதியத்தின் பொறுப்பில் விட்டவர்கள் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். அதைச் சிறுமையாகக் கருதுகிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் நீண்ட நாள் நோயாளியோடு இருந்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இன்னொரு சங்கடமும் அந்தக் கல்லில் இருக்கிறது. சாசனத்தின் தொடக்கம் மெய்க்கீர்த்தி: கூடல்சங்கமத்தில் சாளுக்கிய ஆகவமல்லனின் சேனைகளை முறியடித்த பெருமிதம் நீளமாக விரிகிறது. வெட்டுண்டவர்களையும் கட்டுண்டவர்களையும் சொன்ன அதே உளி, அதே கல்லில், 15 நோயாளிகளின் அரிசியையும் செதுக்கியிருக்கிறது. யுத்தத்தில் சேர்ந்த பாபத்துக்கு ஆதுலர்சாலை பிராயச்சித்தமா? அப்படி ஒரு தராசை நம் சாஸ்திரங்கள் சில இடங்களில் தூக்கிப் பிடிப்பது உண்மை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. படுக்கையில் கிடந்தவனுக்கு, தன் வாயில் விழும் கஷாயம் அரசனுடைய புகழாசையால் வந்ததா, பாபபயத்தால் வந்ததா, பக்தியால் வந்ததா என்பதைப் பற்றி என்ன கவலை? தானத்தின் புண்ணியம் கொடுத்தவனைச் சேருமோ சேராதோ, கஷாயம் குடித்தவனைச் சேர்ந்துவிட்டது. தர்மம் தன் கர்த்தாவைவிட உயர்ந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

அப்படியானால் அந்த தர்மம் எங்கே போயிற்று? கோயில் நிற்கிறது. ஜீர்ணோத்தாரணம் என்றால் ஆகமம் வழி சொல்லியிருக்கிறது: சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளப் பண்ணி, திருப்பணி முடிந்ததும் சம்ப்ரோக்ஷணம் செய்து மறுபடி மூலஸ்தானத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். காஞ்சியில் அத்திவரதர் 1979இல் தரிசனம் கொடுத்துவிட்டு அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இறங்கியவர், 2019இல் வெளிவந்து 48 நாள் இருந்துவிட்டு மறுபடி இறங்கினார். இடைப்பட்ட 40 வருஷத்தில் எந்த பக்தனும் அவர் இல்லையென்று எண்ணவில்லை. தெய்வம் காணப்படாமலும் இருக்கும். ஆதுலர்சாலை அப்படி இருக்க முடியாது. மருந்து அடுகிற ஆள் வராத நாளில், விளக்கு ஏற்றாத இரவில் அது இல்லை. காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைச் சேலை அறுத்துப் பெட்டியில் வைத்தால் பேத்தி கல்யாணம் வரை இருக்கும், ஆனால் நெசவு என்ற காரியம், தறிக்குழியிலிருந்து ஆள் எழுந்தவுடனே நின்றுபோகிறது. கோயிலுக்குப் புனிதம் பிரதிஷ்டையால் வந்தது, ஆகவே கல்லில் தங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் புனிதம் கிரியையால் வந்தது, ஆகவே கிரியை நின்றால் தங்க இடமில்லாமல் போகிறது. முதல் வகைப் புனிதத்தைவிட இரண்டாவது தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஒவ்வொரு நாளும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டிய புனிதம் அது.

இதற்குப் பிறதேசத்துச் சாட்சிகளும் உண்டு. காம்போஜத்து ஏழாம் ஜயவர்மனின் 102 ஆரோக்கியசாலைகளைப் பற்றி 1186ஆம் வருஷத்துத் தா புரோம் சாசனம் கூறுகிறது. மரத்தாலான நோயாளிக் கூடங்கள் மட்கி மறைந்தன. அவற்றை ஒட்டி எழுப்பிய கற்கோயில்கள் சில நிற்கின்றன. இலங்கையில் மிகிந்தலை அடிவாரத்துப் பழைய மருத்துவமனையின் அஸ்திவாரத்தோடு, மருந்தெண்ணெயில் நோயாளியைக் கிடத்துவதற்காக மனித உடம்பின் வடிவத்திலேயே உள்ளே குடைந்த ஒரு கல்தொட்டி கிடக்கிறது. தலை, தோள், கால் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, மனிதன் மட்டும் இல்லாத அந்தக் குழிவு, நான் அறிந்தவரை, ஆஸ்பத்திரி இடிபாடுகளுக்குள் நோயாளியைக் காட்டுகிற ஒரே இடிபாடு. அதைப் படமெடுப்பதில் அர்த்தம் உண்டு.

நோய் பூர்வகர்ம பலன் என்றால் அதை மாற்ற முயல்வது ஈசுவர நியதியில் குறுக்கிடுவதாகாதா என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. சரகர், ஒரு நாடே கொள்ளைநோயில் அழிவதைப் பற்றிப் பேசுமிடத்தில், தைவத்தையும் புருஷகாரத்தையும் எதிரெதிரே நிறுத்தி, பலஹீனமான தைவத்தைப் பலமான முயற்சி வென்றுவிடும் என்று முடிவு கட்டுகிறார். அதைக் காட்டிலும் காஞ்சிக்குச் சொந்தமான பதில் ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. பஞ்சத்தில் வாடிய கச்சி மாநகருக்கு வந்த மணிமேகலை, அமுதசுரபியை எடுத்து முதலில் சோறிட்டாள். வினை எப்படி விளைகிறது, பிறப்புக்குப் பிறப்பு எப்படித் தொடர்கிறது என்ற உபதேசத்தை அறவண அடிகள் அவளுக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். சாத்தனார் காதைகளை அடுக்கிய அந்த வரிசையைக் கர்மத்தைப் பற்றிய ஒரு சித்தாந்தமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

திருமுக்கூடலுக்குக் காமிராவோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உச்சிவெயிலில் எழுத்துக்கள் தட்டையாகிக் கல்லோடு கல்லாகிவிடும். சுவரை உரசினாற்போல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் ஒவ்வொரு கீற்றும் நிழல் பிடித்து எழும். ஈரக் காகிதத்தைச் சுவரில் படிய அடித்து, மேலே மசியை ஒற்றி எடுத்த மசிப்படியில் எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும். கல்வெட்டறிஞர்கள் இன்றும் புகைப்படத்தைவிட அதைத்தான் நம்புகிறார்கள். சிற்பத்தையும் விமானத்தையும் எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். நான் தேடிப்பிடித்து எடுத்தது, பணிவிடை செய்த இரண்டு பெண்களின் நெல் எழுதியிருக்கும் இடம். அரசன் பெயர் அந்தச் சாசனத்தில் இருக்கிறது, மண்டபம் கட்டிய வைசியர் பெயர் இருக்கிறது, வைத்தியர் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயரும் நாவிதன் பெயரும் இல்லை. காக்கப்படுகிற குடிகள் செய்யும் புண்ணியத்தில் அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு என்று மனுஸ்மிருதி சொல்வதுண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தாலும், இராக்காலத்தில் எழுந்து தண்ணீர் கொடுத்த அவர்களிடம் மிச்சம் ஐந்து பங்கு இருந்திருக்க வேண்டும்.