ஏமாறச் சம்மதித்த அரங்கம்

மேடையில் நிற்கும் வித்தைக்காரர் பொய் சொல்கிறார் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். சீட்டு வாங்கியதே அந்தப் பொய்யைப் பார்க்கத்தான் என்பதால் அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் ஏமாறுவதற்குத் தந்த அந்தச் சம்மதம் எதுவரை செல்லும்? லூயி லெத்தெரியே இயக்கி 2013-இல் வெளிவந்த ‘நவ் யூ சீ மீ’ இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகிறது. நான்கு வித்தைக்காரர்கள் லாஸ் வேகாஸ் மேடையில் இருந்தபடியே பாரிஸ் வங்கி ஒன்றைக் கொள்ளையடித்து, 30 லட்சம் யூரோவுக்கும் மேல் பார்வையாளர்மீது பொழிகிறார்கள். பிறகு நியூ ஆர்லியன்ஸில், தங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பணம் போட்ட காப்பீட்டு முதலாளி ஆர்தர் டிரெஸ்லரின் கணக்கிலிருந்து சுமார் 14 கோடி டாலரை எடுத்து, கத்ரீனா புயலுக்குப் பின் அவர் நிறுவனம் கைவிட்ட மக்களுக்குக் கொடுக்கிறார்கள். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, திரையரங்கில் இருப்பவர்களுக்கும் மனம் நிறைகிறது. அந்த நிறைவு இயல்பானதுதான். ஆனாலும் அந்தச் செயலை நியாயம் என்று ஏற்க முடியாது.

அந்தச் சம்மதத்தின் எல்லையை வித்தைக்காரர்களே வகுத்திருக்கிறார்கள். ஹாரி ஹூடினி தம் கடைசி ஆண்டுகளில் பெரும்பகுதியை, இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களை அம்பலப்படுத்துவதில் செலவிட்டார். 1926-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சென்று, காசுக்குக் குறி சொல்வதைத் தடைசெய்யும் மசோதாவுக்கு ஆதரவாகச் சாட்சியமும் அளித்தார். இருட்டறையில் மேசையை ஆட்டியவர்களின் கைத்திறன் அவருக்கும் தெரிந்ததே. ஆனால் அவருடைய அரங்கில் இருந்தவர்கள் ஏமாறப்போவது தெரிந்தே வந்தவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆவியின் குரலுக்காகக் காத்திருந்த தாயோ அப்படி வந்தவள் அல்ல. படத்தின் நால்வரில் ஒருவர் அறிமுகமாவதே, ஒரு மனைவியை ஹிப்னாடிஸத்தில் ஆழ்த்தி, கணவனின் கள்ளத்தொடர்பைச் சொல்லிவிடுவதாக மிரட்டிப் பணம் வாங்கும் காட்சியில்தான். படம் அதைச் சிரிப்புக்கு உரியதாக வைக்கிறது. வேகாஸ் மேடைக்கு அழைக்கப்படும் பிரெஞ்சுக்காரர் முன்கூட்டியே வசியம் செய்யப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர். தம்முடைய வங்கியையே கொள்ளையடித்தவராக அவர் விசாரிக்கப்படுகிறார். வேடிக்கை பார்க்க வந்தவர் இதற்கு எப்போது சம்மதித்தார்?

சட்டம் கைவிட்ட இடத்தில் வேறு என்ன வழி என்று கேட்கலாம். இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. 2005 ஆகஸ்டில் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. வீட்டுக் காப்பீடு பொதுவாகக் காற்றால் வந்த சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. கூரை போனது காற்றாலா, தண்ணீராலா என்ற வழக்கில் எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. கரை உடைந்து புகுந்த நீரும் வெள்ளமே என்று லூயிசியானா உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. தவறாமல் பிரீமியம் கட்டிவந்து, கடைசியில் வெறுங்கையோடு நின்றவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் படம் தரும் பரிகாரம் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே. அதே தெருவில் அதே சேதத்தோடு அழைக்கப்படாமல் இருந்தவருக்கு எதுவும் இல்லை. மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பம்கூட மீண்டும் திறக்கப்படவில்லை. பணம் பெற்றவர்களோ, தாங்கள் கேட்காத திருட்டுப் பணத்தைக் கணக்கில் சுமந்துகொண்டு, நாளை அதைத் திருப்பிக் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறார்கள். இறுதியில் வெளிப்படும் உண்மை இன்னும் கசப்பானது. நால்வருக்கும் பின்னால் இருந்து எல்லாவற்றையும் திட்டமிட்ட டிலன் ரோட்ஸ், வித்தைக்காகப் பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டு ஆற்றில் இறந்துபோன தம் தந்தைக்காகப் பழிவாங்கினார். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பெட்டகம் செய்த நிறுவனமும் அவருடைய சொந்தப் பகைவர்கள். புயலில் எல்லாம் இழந்தவர்கள், எதிரி ஒருவனே என்பதால் அந்தப் பழிவாங்கலில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். லாபத்துக்குக் கருவியாக இருந்தவர்கள் பழிக்குக் கருவியானார்கள்.

படம் வந்த அதே 2013-இல், மிசிசிப்பியில் கத்ரீனா தொடர்பான ஒரு வழக்கில் நடுவர்குழு தீர்ப்பளித்தது. காற்றால் நேர்ந்த சேதத்தை வெள்ளச் சேதமாகக் காட்டி, தான் தர வேண்டிய தொகையை அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் தலையில் ஒரு காப்பீட்டு நிறுவனம் கட்டியது என்று, சேதம் மதிப்பிடும் பணியில் இருந்த சகோதரிகள் இருவர் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. விசாரணைக்கு வந்தது ஒரே ஒரு வீட்டின் கோரிக்கை. மீட்கப்படுவதும் அரசுப் பணமே, வீடிழந்தவர்களின் பணம் அல்ல. ரகசியமாக வைத்திருக்க வேண்டிய வழக்கு விவரங்களை சகோதரிகளின் முன்னாள் வழக்கறிஞர் பத்திரிகைகளுக்குக் கசியவிட்டது தவறு என்றும் நீதிமன்றங்கள் கண்டன. இத்தனை குறைகளுக்கும் பிறகு இந்த வழியே உயர்ந்தது என்று சொல்லக் காரணம் உண்டு. சகோதரிகள் சொன்ன ஒவ்வொன்றையும் எதிர்த்தரப்பு மறுத்துப் பேச முடிந்தது, சாட்சியை மற்றவர்கள் சோதிக்க முடிந்தது. வித்தையின் பலமோ, யாராலும் அதைச் சோதிக்க முடியாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

வெறும் சினிமாதானே, இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பார்கள். கற்பனைக் கொள்ளையை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் கொள்ளையைக் காட்டுவதோடு இந்தப் படம் நிற்கவில்லை, யார் தண்டிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்கிறது. தடேயஸ் பிராட்லி மற்றவர்களின் வித்தை ரகசியங்களை வெளியிட்டுப் பிழைப்பவர். ரோட்ஸின் தந்தையை அவர் அவமானப்படுத்தியதும் உண்மை. ஆனால் பெட்டகத்துக்குள் அந்தத் தந்தையைப் பூட்டியவர் பிராட்லி அல்ல. திருடிய பணத்தை பிராட்லியின் காரில் வைத்துவிட்டு அவரைச் சிறைக்கு அனுப்புகிறார்கள். 2016-இல் வந்த இரண்டாம் படம் அவரை அந்தத் தந்தையின் நண்பராகவே மாற்றிவிடுகிறது. முதல் படம் அவருக்கு இழைத்ததை அது நியாயப்படுத்திவிடாது. அவரைச் சிறையில் அடைக்கும் சட்டமும் அதன் நடைமுறையும் சீட்டு வாங்கி வந்த பார்வையாளர்கள் அல்ல. இந்தப் பொய்க்கு அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவுமில்லை.