கயிறு பிடிக்க ஒருத்தர்

ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? பாம்பன் பாலம் வந்ததும் தூங்குகிறவர்கூட எழுந்து கடலைப் பார்ப்பார். 1988-ல் இந்தச் சாலைப் பாலம் திறந்த நாளில் இருந்து தினமும் போய் வருகிறவர்களும் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புது ரயில் பாலம் திறந்த பிறகு, பார்ப்பதற்கு இன்னும் ஒன்று சேர்ந்துவிட்டது.

அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மடியில் ஒரு பெரிய துணிப்பை. கையில் ஒரு நோட்டு. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் பை சாய்ந்து சாமான்கள் சீட்டுக்கு அடியில் உருண்டன. துணி காயப்போடும் கிளிப்புகள், பெரிய பெரிய மணிகள், பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஒரு ஸ்பூன், பட்டன் தைத்த ஒரு துண்டுத் துணி. பொறுக்கிக் கொடுத்தேன்.

“பொம்மை வியாபாரமாம்மா?”

சிரித்துவிட்டார். “ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சார். சின்னப் பிள்ளைகளுக்கு.”

“ஆக்குபேஷன்னா வேலைதானே? சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை?”

“சாப்பிடறது வேலைதானே சார்? சட்டைப் பட்டன் போடறது, பென்சில் பிடிக்கறது, பல் விளக்கறது, விளையாடறது... பிள்ளைக்கு இதுதானே வேலை. பிறவியிலேயே கை கால் இறுக்கமா இருக்கற பிள்ளை, ஆட்டிசம் இருக்கற பிள்ளை, இவங்களுக்கு அந்த வேலையைச் செய்ய வழி பண்றதுதான் எங்க வேலை. ஆனா ஊருக்குள்ள எல்லாரும் என்னை பிசியோ மேடம்னுதான் கூப்பிடுறாங்க. நானும் திருத்தறதை விட்டுட்டேன்.”

ஒரு சிறிய மையத்தில் வேலை. வாரத்தில் சில நாட்கள் தீவுக்கு வந்து வீடு வீடாகப் போகிறார். “உங்க வேலையில எது கஷ்டம்?” என்று கேட்டேன். சம்பளம், அலைச்சல் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நான் செய்யறது சரியா தப்பான்னு சொல்றதுக்கு ஆளே இல்லை சார். அதுதான்.”

பிறகு ஒரு கதை சொன்னார்.

ஐந்து வயதுப் பையன். கைகள் இறுக்கம். டம்ளரைப் பிடிக்க முடியாது. தினமும் மூன்று வேளை செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி, படம் போட்டு, அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை போனபோது எதுவும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. மூன்றாவது தடவை கோபமே வந்துவிட்டது. நோட்டில் மூன்று தேதிகளுக்கு நேராகவும் ஒரே வரியை எழுதினார்: ‘தாயின் ஒத்துழைப்பு இல்லை.’

“எனக்கு வேற எதுவும் தோணலை சார். பயிற்சி சரியானதுதான். புத்தகத்துல இருக்கறதுதான். அப்போ தப்பு யார் மேல?”

ஒரு ராத்திரி தூக்கம் வராமல், காலேஜில் நான்கு வருஷம் சீனியரான ஓர் அக்காவுக்கு போன் செய்திருக்கிறார். அழாத குறை. சீனியர் எல்லாவற்றையும் கேட்டார். ஆறுதல் சொல்லவில்லை. புதிதாக எந்தப் பயிற்சியும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த அம்மாவோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லு, பார்ப்போம்.”

இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த முறை போய்க் கேட்டார். அந்த அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விடியற்காலையில் வல்லத்தில் ஏறினால், கடலில் முங்கி முங்கிப் பாசி பறித்து, கரைக்கு வர மதியத்துக்கு மேல் ஆகும். விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். அப்படியும் பாறை கிழித்துவிடும். அந்தக் கையோடு வந்துதான் சோறு பொங்க வேண்டும். பையனை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அப்பத்தா. அவர் திண்ணையில் உட்கார்ந்து, கடைக்குக் கொடுப்பதற்காகச் சிப்பியும் சோழியும் தரம் பிரிப்பவர். மூன்று வேளைப் பயிற்சியை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும்? அதுவும் எந்த வேளைக்கு?

படம் போட்ட பேப்பர் போயிற்று. அப்பத்தா பிரிக்கும் சிப்பியில் பெரியதாகப் பார்த்து எடுத்து டப்பாவில் போடுவது பையனின் வேலை ஆயிற்று. நிஜமான வேலை. ஆக்குபேஷன்!

“இப்போ டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறான் சார். பாதி நேரம் கீழ போட்டுடறான். ஆனா பிடிக்கிறான்.”

மண்டபம் தாண்டி உச்சிப்புளி வருகிறவரைக்கும் நான் பேசவில்லை. அந்த ஒரு வரி என்னை விடவில்லை. ‘தாயின் ஒத்துழைப்பு இல்லை.’ நல்ல பெண், படித்தவர், அக்கறை உள்ளவர். அவர் எப்படி இந்த வரியை எழுதினார்?

எனக்குத் தோன்றுவது இது. தனியாக வேலை செய்கிறவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதை வைக்க இடம் கிடையாது. யாரிடமும் கேட்க முடியாத சந்தேகம் நாலு நாளில் குற்றச்சாட்டாகப் புளித்துவிடும். சிலர் அதைத் தன் மேலேயே போட்டுக்கொள்வார்கள். ராத்திரி தூங்க மாட்டார்கள், இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு எங்காவது போய்விடுவார்கள். மற்றவர்கள் எதிரில் இருக்கும் ஆளின் மேல் போடுவார்கள். அந்த அறையில் எதிர்த்துப் பேச முடியாத ஆள் யார்? அம்மாதான். நம் ஊரில் குழந்தைக்கு ஒரு குறை என்றால் ஏற்கெனவே ஆயிரம் பேர் அவளைத்தான் கேட்கிறார்கள். ஆயிரத்து ஒன்றாவது ஆளாக, வைத்தியம் பார்க்க வந்தவரும் சேர்ந்துகொள்வார்.

‘கவனிப்பவரை யார் கவனிப்பது?’ என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். தெரபிஸ்டுகளுக்கும் மன அழுத்தம் உண்டு, அவர்களுக்கும் தோள் வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால், அந்தத் தோள் தெரபிஸ்டுக்கு மட்டுமானது இல்லை. அந்த போன் காலில் காப்பாற்றப்பட்டது, அது நடந்ததே தெரியாத ஒரு தாயின் பெயர்.

இந்தத் தொழிலை இந்தியாவில் ஆரம்பித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். 1950-ல் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டே வருஷத்தில், 1952-ல், அகில இந்தியச் சங்கம் வந்துவிட்டது. அப்போது இந்தியாவில் இந்தத் தொழிலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கை விட்டு எண்ணிவிடலாம். அதே வருஷம் உலகச் சம்மேளனம் அமைந்தபோது, அதைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆள் சேருவதற்கு முன்பே சங்கம் சேர்த்திருக்கிறார்கள்.

லண்டனில் அதே 1950-களில் இன்னொருவர். மைக்கேல் பாலிண்ட், ஹங்கேரியில் பிறந்த மனப்பகுப்பாய்வு மருத்துவர். அவர் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர், தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபைல் பார்த்துப் படிக்கக் கூடாது. மற்றவர்கள் கேட்க வேண்டும். என்ன மருந்து கொடுத்தாய் என்பதைவிட, அந்த ஆளைப் பார்த்தால் உனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பதுதான் அங்கே முக்கியம். 1957-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இன்றும் பல நாடுகளில் அவர் பெயரால் குழுக்கள் நடக்கின்றன.

லண்டன் வரை ஏன் போக வேண்டும்? தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போய், மேலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. தனக்கு சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் பார்த்ததை போனில் ஒரு செயலியில் பதிகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி என்று தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வாசல் ஏறிப் போகிறவருக்கு, ‘கேட்டுச் சொல்றேன்மா’ என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ‘கேட்டுச் சொல்றேன்’ என்பது வைத்தியத்தில் எவ்வளவு பெரிய வார்த்தை!

கேட்பதற்கு வெட்கப்படாத ஒரு டாக்டரால் நடந்ததை, இதே ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் சொல்லியிருக்கிறார். ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர், ஏவுகணைக்கான லேசான பொருள் ஒன்றை அவருடைய ஆய்வுக்கூடத்தில் தூக்கிப் பார்த்தார். உடனே அவரைத் தன் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடக்கும் குழந்தைகளைக் காட்டினார். சில வாரங்களில் சுமார் 300 கிராம் எடையில் புதுக் காலிப்பர் தயாரானது. ‘என்கிட்ட பதில் இல்லை, உங்ககிட்ட இருக்குமா?’ என்று ஒருவர் வேறு தொழில்காரரிடம் கேட்டதுதான் ஆரம்பம்.

சரி, கேட்பது அவ்வளவு சுலபமா? சுலபமாக இருந்தால் எல்லோரும் கேட்டிருப்பார்களே.

முதல் சிக்கல், பயம். நம் தவறை யாரிடம் சொல்வது? சம்பளத்தை நிர்ணயிக்கிற மேலதிகாரியிடமே சொல்லச் சொன்னால் யார் சொல்வார்கள்? மார்க் போடுகிறவரும் மனசைக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. 2021-ல் இந்தத் தொழில்களுக்கெல்லாம் சேர்த்துத் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. படிப்புக்கும் பதிவுக்கும் விதிகள் வகுக்கிற சட்டம். வேண்டியதுதான். ஆனால், ராத்திரி பத்து மணிக்கு போனை எடுக்கும் சீனியரைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது.

இரண்டாவது, ரகசியம். ஒரு குழந்தையைப் பற்றி இன்னொருவரிடம் பேச நமக்கு என்ன உரிமை? பெயரை விட்டுவிட்டால் போதும் என்பார்கள். பெருநகரத்தில் போதும். ஒரு தீவில், ‘பாசி எடுக்கும் அம்மா, சிப்பி பிரிக்கும் அப்பத்தா’ என்றாலே தெருவைச் சொல்லிவிடுவார்களே! (அதனால்தான் நான் இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூரத்து ஊர்த் தோழியிடம் கேட்பதும், அந்த அம்மாவிடமே ‘உங்க பிள்ளையைப் பத்தி என் சீனியர்கிட்ட கேட்கட்டுமா?’ என்று அனுமதி வாங்குவதும்தான் மரியாதை.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். சக தொழில்காரர்கள் கூடினால் ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்துவிட்டுக் கலைவதும் உண்டு. ‘ஆமாப்பா, இந்த அம்மாக்களே இப்படித்தான்’ என்று அந்த சீனியரும் சொல்லியிருந்தால்? ஆறுதல் கிடைத்திருக்கும். பையன் அப்படியே இருந்திருப்பான். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் தவறு இன்னும் கெட்டிப்படும். வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும்போது இடித்துச் சொல்வதையும் சேர்த்தது சும்மா இல்லை. பக்கத்தில் இருக்கிறவருக்கு அன்பும் வேண்டும், நமக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்கும் துணிச்சலும் வேண்டும்.

“இதுக்கெல்லாம் மாசம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கன்னு மையத்துல கேட்டேன் சார். அந்த நேரத்துல ரெண்டு பிள்ளையைப் பார்க்கலாமேன்னு சொல்லிட்டாங்க” என்றார் அந்தப் பெண்.

கணக்கு சரிதான். காத்திருக்கும் குழந்தைகள் நிறைய, தெரபிஸ்டுகள் குறைவு. ஒரு மணி நேரம் என்பது இரண்டு குழந்தைகள்.

எனக்குக் கீழக்கரைப் பக்கம் கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலம். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அது நின்றுபோனது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அசைவு தெரிந்ததும் இழுக்க வேண்டும். பெண்டாட்டியோடு பிறந்த மச்சானைத்தான் நம்பிக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். அவர் ஒரு முத்துச் சிப்பிகூட எடுப்பதில்லை. ‘இவர் எதற்குச் சும்மா நிற்கிறார்? இவரும் குதித்தால் இரண்டு மடங்கு சிப்பி கிடைக்குமே’ என்று எந்தச் சம்மாட்டியும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அடுத்த மீட்டிங்ல சொல்றேன் சார்.”

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இறங்கும்போது கேட்டேன்: “அந்த மூணு வரியை நோட்டுல அடிச்சிட்டீங்களா?”

“இல்லை சார், அப்படியே வச்சிருக்கேன். அடுத்த மாசம் ஒரு புதுப் பொண்ணு வேலைக்குச் சேருது. முதல் நாளே அதைத்தான் காட்டணும்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.