பிரதியும் பொறுப்பும்: ஒரு பழைய சுடுகலனை முன்னிறுத்திய ஒழுக்கவியல் நோக்கு

பழைமையைப் போற்றுதல் வேறு. பழைமையைத் திரும்பச் செய்தல் வேறு. பழைய ஓவியமொன்றைப் பார்த்து வரைபவன் அதன் தோற்றத்தைப் பெறுகின்றான். பழைய விளக்கொன்றைப் பார்த்து வார்ப்பவன் தோற்றத்தோடு ஒளியையும் பெறுகின்றான். பழைய சுடுகலனொன்றைப் பார்த்துச் செய்பவனோ தோற்றத்தோடு உயிர்பறிக்கும் ஆற்றலையும் பெற்றுவிடுகின்றான். அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. ஒரு பொருளை அன்று இருந்தவாறே செய்தல் வேண்டும் எனின், அதனிடத்து அன்றிருந்த குறையையும் அவ்வாறே செய்தல் வேண்டுமா? இவ்வினாவை வெறுங் கற்பனையாக எழுப்பவேண்டிய தேவையில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரவர் பழைய கோல்ற் சுழல்துப்பாக்கியின் புதிய பிரதிகளுள் எதனை வாங்குவது எனத் தெரிவு செய்யும்போது, அறிந்தோ அறியாமலோ இவ்வினாவுக்கு விடையளித்து வருகின்றனர். அவ்விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பொருளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சாமுவேல் கோல்ற் என்பார் 1836 ஆம் ஆண்டில் சுழலும் உருளையுடைய கைத்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றார். அவர் 1862 இல் மறைந்தார். அவர் பெயரோடு இன்று பெரிதும் இணைத்துப் பேசப்படும் துப்பாக்கி அவர் மறைந்து பதினோராண்டுகளின் பின்னரே, 1873 இல், அமெரிக்க இராணுவத்தால் ஏற்கப்பட்டது. உலோக ரவையை உருளையின் பின்புறமாக இடும் முறைக்கான உரிமை 1869 வரை வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தமை இத்தாமதத்துக்கு ஒரு காரணமாகும். இத்துப்பாக்கி ‘ஒற்றைச் செயல்’ வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னரும் பெருவிரலாற் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தல் வேண்டும். அவ்விழுப்பில் உருளை சுழன்று அடுத்த ரவை குழலுக்கு நேரே வந்து நிற்கும். விசைக்கு உரிய வேலை ஒன்றே ஒன்று: இழுபட்டு நிற்கும் சுத்தியலை விடுவித்தல். இராணுவம் 1892 இல் வேறு வகையை ஏற்றுக்கொண்டபோதும் பொதுமக்களிடையே இதன் மதிப்புக் குறையவில்லை. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன.

நின்றுபோன பொருளுக்கு உயிர் கொடுத்தது திரை. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மேற்குப் புலத்துக் கதைகள் பெருகின. கதாநாயகனின் இடையில் தொங்கிய துப்பாக்கியைத் தாமும் பெற மக்கள் விரும்பினர். கோல்ற் நிறுவனம் 1956 இல் அதனை மீண்டும் செய்யத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1955 இல், றூகர் நிறுவனம் ‘பிளாக்ஹோக்’ என்னும் பெயரில் அதே மரபைச் சார்ந்த, ஆயினும் நேர்ப்பிரதியாகாத ஒரு துப்பாக்கியை வெளியிட்டிருந்தது. இத்தாலியின் பிரெஷா மாகாணத்து வால் ட்ரொம்பியாப் பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகச் சுடுகலன் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கே அல்டோ உபேர்ட்டி என்பவர் 1959 இல் ஒரு பட்டறையைத் தொடங்கி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவை ஒட்டி எழுந்த தேவைக்காகப் பழைய கோல்ற் துப்பாக்கிகளைப் பிரதி செய்யலானார். இவ்வாறு கடலுக்கப்பாலுள்ள ஒரு நாட்டின் கைவினைஞர், தாம் வாழாத ஒரு வாழ்வின் கருவியை அவ்வாழ்வின் வாரிசுகளுக்கே செய்து விற்கும் நிலை உருவாயிற்று.

இனிக் குறைக்கு வருவோம். பழைய அமைப்பிற் சுத்தியலின் முகத்திலேயே ஊசி பொருத்தப்பட்டுள்ளது. சுத்தியல் முற்றாகத் தாழ்ந்திருக்கையில் அவ்வூசி ரவையின் வெடிமூடியைத் தொட்டவாறு நிற்கும். இதனைத் தவிர்ப்பதற்காகச் சுத்தியலிற் சிறு வெட்டொன்று அமைக்கப்பட்டது. சுத்தியலைச் சற்றே பின்னிழுத்தால் விசையின் நுனி அவ்வெட்டில் விழுந்து அதனைத் தாங்கும். ஆயின் அவ்வெட்டும் நுனியும் மிக மெல்லியவை; துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் அவை முறியக்கூடும்; முறிந்தால் வெடிக்கும். ஆகவே ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் ரவையிட்டு, சுத்தியலை வெறும் அறையின்மேல் தாழ்த்தி வைப்பதே அறிந்தோர் வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தைப் பேணாமையின் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுண்டு. வையற் ஏர்ப் என்னும் பேர்பெற்ற காவலரின் சுழல்துப்பாக்கி 1876 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில், அவர் அமர்ந்திருந்தவேளை உறையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்து வெடித்தது. சன்னம் அவரது மேலங்கியைத் துளைத்துச் சென்றது. ஆயுதத்தோடு பழகிய ஒருவருக்கே இது நேர்ந்தது என்பது கவனத்திற்குரியது.

இன்று பிரதியொன்றை வாங்க முற்படுபவன் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பழைய பூட்டமைப்பை எவ்வித மாற்றமுமின்றிக் கொண்ட பிரதி. இரண்டாவது, புறத்தோற்றத்தைப் பேணி அகத்தைத் திருத்திய பிரதி. விசை இழுக்கப்பட்டாலன்றி ஊசி முன்னே வராதவாறு அமைந்த சுத்தியலை உடைய உபேர்ட்டித் துப்பாக்கிகள் இவ்வகையின. மூன்றாவது, பிரதி என்ற உரிமையையே கைவிட்டு மரபை மட்டும் தொடர்வது. றூகர் நிறுவனம் 1973 இல், விசையை இழுத்துப் பிடித்தாலன்றிச் சுத்தியலின் அடி ஊசியைச் சென்றடையாதவாறு இடையிற் சட்டமொன்றை அமைத்தது. அதன்பின் ஆறு அறைகளையும் அச்சமின்றி நிரப்பலாயிற்று. 1982 முதல், தான் முன்னர் விற்ற பழைய துப்பாக்கிகளையும் கட்டணமின்றித் திருத்தித் தர அந்நிறுவனம் முன்வந்தது. எனினும், சுத்தியலை இழுக்கையிற் கேட்கும் பழைய ‘கிளிக்’ ஒலிகள் புதிய அமைப்பில் இல்லாமற் போயின என்று குறைபட்டோர் பலர். ஒலியின் இழப்புக்காக வருந்தும் மனித மனத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அவ்வொலியில் அவர்கள் தேடுவது ஒரு காலத்தை.

இவ்விடத்திற் பிளேற்றோவை நினைவுகூர்தல் பொருந்தும். ‘குடியரசு’ என்னும் நூலின் பத்தாம் பகுதியிற் கட்டிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு மூன்று நிலைகளை அவர் பேசுகின்றார்: கட்டிலின் இலட்சிய வடிவம், தச்சன் செய்த கட்டில், ஓவியன் தீட்டிய கட்டில். ஓவியன் மெய்ம்மையிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவன் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் வால் ட்ரொம்பியாவின் கைவினைஞன் யார்? பிரதி செய்பவன் என்பதால் அவனை ஓவியனோடு சேர்த்துவிட நாம் விரைகின்றோம். உண்மையில் அவன் தச்சனே. ஓவியன் தீட்டிய கட்டிலில் எவரும் படுத்தல் இயலாது. அவன் செய்த துப்பாக்கியாற் சுடலாம். அது கோல்ற் துப்பாக்கியின் போலியாக இருக்கலாம், துப்பாக்கியின் போலியன்று. ‘பிரதி’ என்ற சொல் பொருளின் பிறப்பைச் சுட்டுகின்றதேயன்றி அதன் செயலைச் சுட்டவில்லை. இவ்வேறுபாட்டை மறப்பதே பல தீமைகளுக்கு வாயிலாகின்றது.

சட்டமும் இம்மயக்கத்துக்கு விதிவிலக்கன்று. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட பழைய பற்றவைப்பு முறைச் சுடுகலன்களைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. இக்கால ரவையைப் பயன்படுத்தாதவையாயின் அவற்றின் பிரதிகளையும் அவ்வாறே கொள்கின்றது. எனவே நேற்றுச் செய்யப்பட்ட கருமருந்துத் துப்பாக்கியொன்று சட்டத்தின் கண்ணில் இன்று தொல்பொருளாகலாம். காலத்தாற் பெறவேண்டிய தகுதியை உருவத்தாற் பெற்றுவிடும் விந்தை இது.

பழைய அமைப்பை மாற்றாது பேணவேண்டும் என்போர் கூறும் நியாயங்கள் மூன்று. அவற்றைப் புறந்தள்ளாது ஆராய்தல் கடனாகும். மாற்றிய பிரதி வரலாற்றுக்குச் சாட்சியாகாது என்பது முதலாவது. இது மெய்யே. அன்றைய மனிதன் எத்தகைய அச்சத்தோடு அதனை இடையிற் செருகினான் என்பதை மாற்றிய பிரதி சொல்லாது. ஆயின் சாட்சி கூறும் பொருள் வெடிக்கவும் வேண்டும் என்பதற்கு நியாயம் யாது? பேழையில் இருந்து காலத்தை உணர்த்தும் பிரதிக்குத் துளையிட்ட குழல் தேவையில்லை. உருவமும் எடையும் பூட்டின் இயக்கமுமே போதும்.

ஆபத்தே ஒழுங்கைக் கற்பிக்கும் என்பது இரண்டாவது. 1987 இல் அமைந்த ஒற்றைச் செயற் சுடுவோர் சங்கத்தின் போட்டிகளிற் பழைய உடையணிந்து கலந்துகொள்வோர், தம் துப்பாக்கியின் அமைப்பு எதுவாயினும் ஐந்து ரவைகளையே இட்டு வெறும் அறையின்மேற் சுத்தியலைத் தாழ்த்துகின்றனர். பாராட்டத்தக்க ஒழுங்கு இது. எனினும் இவ்வெடுத்துக்காட்டே அந்நியாயத்துக்கு எதிராகவும் நிற்கின்றது. திருத்திய துப்பாக்கியிலும் அவ்வொழுங்கு பேணப்படுமெனின், ஒழுங்குக்காக ஆபத்தைப் பேணவேண்டிய தேவை எங்கே?

தன் உயிருக்கு நேரும் ஆபத்தைத் தானே ஏற்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்பது மூன்றாவது. மலையேறுபவன் விழுந்தால் பெரும்பாலும் அவனே விழுகின்றான். கீழே விழும் துப்பாக்கியின் சன்னமோ உரிமையாளனைத் தேடிச் செல்வதில்லை. ஏற்காத ஒருவர்மீது சுமத்தப்படும் ஆபத்தைத் தனியொருவனின் சுதந்திரம் என்று கூறுதல் பொருந்தாது.

இவ்வுண்மையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று துயரத்தோடு உணர்த்திற்று. 2021 ஒக்டோபர் 21 ஆம் நாள், நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ‘றஸ்ற்’ என்னும் திரைப்படத்துக்கான ஒத்திகையின்போது, இத்தாலியிற் செய்யப்பட்ட கோல்ற் பிரதியொன்று வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார், இயக்குநர் காயமுற்றார். போலி ரவைகளிடையே மெய்யான ரவை கலந்திருந்தது. ஆயுதப் பொறுப்பாளர் 2024 இல் குற்றவாளியெனக் காணப்பட்டார். பூட்டமைப்பு வேறாக இருந்திருப்பின் இது நேர்ந்திராது என நாம் வாதிடவில்லை. நாம் சுட்டுவது வேறொன்று. கதை புனைவு, உடை புனைவு, காலம் புனைவு, துப்பாக்கியும் ஒரு பழம்பொருளின் பிரதி. அத்தனை புனைவுகளின் நடுவே சன்னம் ஒன்றே மெய்யாக இருந்தது. படப்பிடிப்புக்கு வேண்டியிருந்தது துப்பாக்கியின் தோற்றம். அங்கிருந்ததோ துப்பாக்கி.

இன்னுமொன்று எஞ்சியுள்ளது. இத்துப்பாக்கி ‘அமைதி நிலைநாட்டி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்பட்டது. அது இராணுவத்தின் கையிலிருந்த காலம், அமெரிக்கச் சமவெளியின் ஆதிக்குடிகள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்ட காலம். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள், பெண்டிரும் சிறாரும் உட்பட, படையினராற் கொன்றொழிக்கப்பட்டது அக்காலத்திலேதான். அவர்களுக்கு அப்பெயர் எவ்வாறு ஒலித்திருக்கும்? இன்றைய உற்பத்தியாளர் சிலர் புதிய துப்பாக்கிக்குச் செயற்கையாகத் தேய்வூட்டி, பல்லாண்டு வழங்கியது போன்ற தோற்றத்தோடு விற்கின்றனர். தேய்வு என்பது ஒரு கையின் உழைப்புக்கும் ஒரு வாழ்வின் செயல்களுக்கும் சாட்சி. அச்செயல்களின் பொறுப்பு இன்றி அவற்றின் தழும்பை மட்டும் விலைக்குப் பெறலாம் என்னும் எண்ணம், வரலாற்றின் அழகை ஏற்று அதன் கணக்கை மறுக்கும் எண்ணமேயாகும்.

ஆகவே தெரிவின் அளவுகோல் எதுவாக இருத்தல் வேண்டும்? முன்னோருக்கு உண்மையாயிருத்தல் என்பதை அவர்தம் நோக்கத்துக்கு உண்மையாயிருத்தல் எனக் கொள்வதே தகும். சுத்தியலில் அச்சிறு வெட்டை அமைத்தவர் துப்பாக்கி தானாக வெடிக்கலாகாது என்றே விரும்பினார். அன்றைய அறிவும் உலோகமும் அவ்வளவுக்கே இடந்தந்தன. அவர் முடிக்காது விட்டதை முடிப்பது அவருக்குச் செய்யும் துரோகமன்று. ஆனால் நோக்கத்தின் பெயரால் எதையும் மாற்றிவிட்டுப் பழையதென்று சொல்வதும் நேர்மையாகாது; மாற்றியதை மாற்றியதென வெளிப்படக் கூறுதல் வேண்டும். சாட்சிக்காகச் செய்யப்படும் பிரதி முற்றிலும் உண்மையாக இருக்கட்டும், ஆனால் வெடியாதிருக்கட்டும். சுடுவதற்காகச் செய்யப்படும் பிரதி திருத்தப்பட்டதாக இருக்கட்டும். இரண்டையும் ஒருங்கே வேண்டுவோன், அழகிய பழம்பொருளையும் அதன் பழைய ஆபத்தையும் ஒன்றாகப் பெற விரும்புவோன், அவ்விருப்பத்துக்கான காரணத்தைத் தனக்குக் கூறினாற் போதாது. தன் அருகில் நிற்பவருக்குக் கூறக் கடமைப்பட்டவன். அவர் ஏற்கக்கூடிய காரணம் அவனிடம் இல்லையாயின், பட்டியலில் எது சிறந்தது என்னும் வினாவை ஒத்திவைத்து, வாங்கத்தான் வேண்டுமா என்னும் வினாவை அவன் முதலில் எழுப்புவானாக.