காணாததை அறிதல்

கண்ணாற் காணாததொன்றை ‘அறிவோம்’ என்று சொல்லும் உரிமை மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதை அளவை நூலார் அனுமானம் என்பர். ஆயினும் ஐயமுற்றவன் அருகிற் சென்று நெருப்பைப் பார்த்துவிடலாம். சென்று பார்க்கவே இயலாதவிடத்து அனுமானம் அறிவாகுமா, வெறும் நம்பிக்கையாகுமா?

செவ்வாய்க் கோளின் உட்கரு அத்தகைய இடம். 2018 நவம்பரில் அங்கு இறங்கிய அமெரிக்கக் கலமாகிய இன்சைற், நிலத்தை ஐந்து மீற்றர் ஆழத்துக்குத் துளைக்கவெனக் கருவியொன்றைக் கொண்டு சென்றது. மேல்மண்ணைத் தாண்டவே இடர்ப்பட்ட அக்கருவி 2021 ஜனவரியிற் கைவிடப்பட்டது. ஆனால், கலம் ஓரிடத்தில் அசையாது இருந்தமையே ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ஆழத்தை அறியத் துணையாயிற்று. கலிபோர்னியா, ஸ்பெயின், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலுள்ள பாரிய வானொலித் தட்டுகள் அலைகளை அனுப்பின. கலம் அவற்றைத் திருப்பி அனுப்பிற்று. சென்ற அலையின் மீடிறனும் மீண்ட அலையின் மீடிறனும் ஒன்றாயிருப்பதில்லை. கலத்தைத் தாங்கிய கோள் அசையுமாறே அது மாறும். புவியின் அசைவு முதலியவற்றை நீக்கிக் கணித்தால், செவ்வாயின் அச்சுச் சிறிதே தலையசைப்பது புலனாகும். உட்புறம் திண்மமாயின் அவ்வசைவு ஒருவிதம், திரவமாயின் வேறுவிதம். முட்டை அவித்ததா பச்சையா என உடையாமலே அறிய அதனைச் சுழற்றிப் பார்ப்பவர் செய்வதும் இதுவே.

2023 ஜூனில் வெளியான முடிவின்படி உட்கரு திரவம். அதன் ஆரை 1835 கிலோமீற்றர், 55 கூடலாம் அல்லது குறையலாம். அந்த 55 சிறிய விடயமன்று. நேரிற் கண்டவன் தன் கண்ணை ஐயுறுவதில்லை. அனுமானிப்பவனோ தன் தவறு எவ்வளவாகலாம் என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவன். சாட்சிக் கூண்டில் ஏறுவோர் பலர் இக்கடமையை அறியார்.

அவ்வாறு சொல்லியும் முடிவு அப்படியே நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில், நில அதிர்வுப் பதிவுகளை மீளாராய்ந்த இரு குழுவினர், உலோக உட்கருவின்மீது ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தடிப்பான உருகிய பாறைப் படையொன்று உண்டென்றனர். உலோகத்தின் ஆரை 1650 என ஒரு குழுவும் 1675 என மற்றையதும் கணித்தன. அப்படியாயின் முன்னையது பொய்யா? அன்று. திரவம் என்றது திரவமே. அத்திரவம் முழுவதும் உலோகம் என எண்ணியதே பிழைத்தது. அலை சொன்னது ஒன்று, மனிதன் அதனோடு சேர்த்தது மற்றொன்று. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது கண்ணன்று, இன்னோர் அனுமானமே. காட்சி ஒன்றே இறுதித் தீர்ப்பு வழங்கும் என்போர் இதற்கு விடை கூறவேண்டும்.

சூரியத் தகடுகளிற் தூசி படிய, இன்சைற் 2022 டிசெம்பரில் மௌனமாயிற்று. அதன் பதிவுகளை மீள வாசிப்போர் இன்னும் உளர்.