பூட்டும் திறவுகோலும்

1960 வரை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் நுழைய இலத்தீன் கட்டாயமாயிருந்தது. எளியோர் பிள்ளைகட்கு அது பூட்டிய கதவு. 2006இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'ஐரிஸ் திட்டம்' அம்மொழியையே எழுத்தறிவின் திறவுகோலாக்கி, பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது.

வழக்கொழிந்த மொழி ஏழைக்கு எதற்கு என்போம். 'போர்த்தாரே' என்றால் சுமந்து செல்லுதல் என்றறிந்த சிறுவனுக்கு எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் எனும் ஆங்கிலச் சொற்கள் ஒரே வேரினவாக விளங்குகின்றன. எவர் வீட்டிலும் பேசப்படாத மொழியாதலால், வகுப்பில் அனைவரும் ஒரே கோட்டில் தொடங்குகின்றனர்.

ஆங்கிலத்தையே கூடுதலாகக் கற்பிக்கலாமே என்பது நியாயமான வினாவே. ஆயினும், ஏழைக்கு இவ்வளவு போதும் என்று அளந்து கொடுக்க நாம் யார்? நம் பிள்ளைகளுக்கு விரும்புவதை அவர்களுக்கும் விரும்புவதன்றோ நீதி!