வரப்பில் ஒரு கறுப்பு உருவம்

காவிரிக் கடைமடையில் தை பிறந்த பிறகும் பனி விடுவதில்லை. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில் ஈர வயல் சீக்கிரமே குளிர்ந்துபோகும். விடியும்போது கதிருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு மூடுபனி படிந்திருக்கும். பகல் மிகக் குறுகுவது டிசம்பர் 22 வாக்கில். ஆனால் எங்கள் பக்கம் சூரியன் மிகவும் தாமதமாக எழுவது ஜனவரிப் பிற்பாதியில்தான், ஏறக்குறைய ஆறரை மணிக்கு. அதற்கு முந்தைய இருபது நிமிடம்தான் நிழலுருவப் படத்துக்கு வாய்த்த நேரம். நம் ஊர்களில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலேறிவிடுவதால் விடியலுக்கு ஆயுள் குறைவு.

அந்நேரத்து வானத்தின் வெளிச்சத்தையும் வரப்பில் நிற்பவர் முகத்தின் மங்கலையும் கண் ஒன்றாகவே வாங்கிக்கொள்கிறது. கேமராவால் அது முடியாது. வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கறுக்கும், முகத்துக்கு வைத்தால் வானம் வெளுக்கும். நான் வானத்துக்கு வைக்கிறேன். ஒருவருடைய கண்ணையும் வயதையும் சட்டையின் நிறத்தையும் தெரிந்தேதான் இருட்டில் விடுகிறேன். அப்படி விட எனக்கு என்ன உரிமை?

அந்தப் பருவத்தில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, சம்பா நிற்கும் வயலுக்குள்ளேயே உளுந்து விதைப்பார்கள். நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சும் ஈரமும் இரவில் இறங்கும் பனியுமே அதற்குப் பெரும்பாலும் போதும். மடியில் விதையைக் கட்டிக்கொண்டு ஒருவர் கதிருக்குள் நடந்தபடி வீசுகிறார். வரப்பில் உட்கார்ந்து கேமராவை நன்றாகத் தாழ்த்தினால்தான் அவர் உடல் அடிவானத்துக்கு மேலே வரும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வானம் தெரிகிற நொடியில் அழுத்த வேண்டும். கை உடம்போடு ஒட்டிவிட்டால் எல்லாம் ஒரே கரும்பிண்டம். விதை படத்தில் விழாது, வீசும் கையின் வளைவு விழும். பல போகம் வீசிப் பழகிய கைக்குத்தான் அந்த வளைவு வரும். முகம் தெரிகிற படத்தில் எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நிழலுருவப் படத்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அந்த அழகை நான் முழுதாக நம்புவதில்லை. முகம் போகும்போது அதிலிருந்த அசதியும் போய்விடுகிறது. காய்ச்சலோடு வயலில் இறங்கியவரும் நன்றாகத் தூங்கி எழுந்தவரும் ஒரே கறுப்பு. சுவரில் மாட்டுகிறவருக்கு அவர் வெறும் ‘உழவர்’.

1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படத்தில், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவர் கறுப்பாக அந்தரத்தில் நிற்கிறார். உலகமே பார்த்த படம். பார்த்தவர்களுக்கு அவர் யாரோ ஒருவர். அதே மனிதரைத் தினமும் பார்த்துப் பழகியவர் கையில் அந்தப் படம் கிடைத்திருந்தால், கால் விரிந்த விதத்தை வைத்தே ஆளைச் சொல்லியிருக்கக்கூடும்.

இப்படி நினைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு டீக்கடை. கேமராவின் சிறு திரையில் நான் காட்டிய உருவத்தைப் பார்த்ததுமே கடைக்கார அக்கா சொன்னார்: “இது நம்ம நடுத்தெரு மாமால்ல? வலது காலை இழுத்து இழுத்து வைக்கிறாரு பாருங்க தம்பி. போன வருசம் விழுந்ததுலேருந்து அப்படித்தான்.” பக்கத்தில் நின்ற பெரியவர், மாமா தலைத்துண்டு கட்டும் விதத்தையும் சேர்த்துச் சொன்னார். நான் கறுப்பாக்கியதில் அவர்களுக்கு எதுவுமே மறையவில்லை. இருட்டிலேயே எழுந்து, எதிரே வருகிறவரை நடையைக் கொண்டே கூப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். நிழலுருவத்தில் ஆள் தொலைவது வெளியூர்க்காரருக்குத்தான். ஆகவே முகத்தை இருட்டில் விடும் அந்த உரிமை வெளிச்சத்தில் இல்லை, நான் அந்த மனிதரை எவ்வளவு அறிந்திருக்கிறேன் என்பதில் இருக்கிறது.

அதனால் யாருடைய நடை எனக்குத் தெரியுமோ அவர்களை மட்டுமே, சொல்லிவிட்டு, இப்படி எடுக்கிறேன். புது ஊர் என்றால் பனைமரத்தோடும் வைக்கோல் போரோடும் நிறுத்திக்கொள்வேன். அங்கே ஆட்களை எடுக்க வேண்டுமானால், முதலில் கேமரா இல்லாமல் பல காலைகள் அந்த வரப்புகளில் நடக்க வேண்டும்.