கன்று குறுக்கே வரும் தெரு

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி, பம்மலையும் அனகாபுத்தூரையும் கடந்தால் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர் அவர். பெரிய புராணத்தில் நாயன்மார்களின் கதைகளுக்குள் போகும் முன்பே, திருவாரூர்த் தெருவில் நடந்த ஒரு விபத்தை அவர் சொல்லிவிடுகிறார். அடியார்களைத் தேடிப் போகிற வழியில் எதற்கு ஒரு தேர், எதற்கு ஒரு கன்று? தாம்பரம் நெரிசலில் நிற்கும்போது இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

கதை நாம் அறிந்ததுதான். மனுநீதிச் சோழனின் மகன் தேரில் உலா வருகிறான். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் மணியடிக்கிறது. மகனைத் தேர்க்காலில் இடச் சொல்கிறான் அரசன். மனம் வராத அமைச்சர் தன் உயிரை விட, அரசனே தேரைச் செலுத்துகிறான். பெரும்பாலோர் மனத்தில் தந்தையின் அந்தக் கடுமைதான் நிற்கிறது. என் மனத்தில் நிற்பது கன்று வரும் இடம். மனிதர் யார் கண்ணிலும் படாமல், அறமே அரசனைச் சோதிக்க வந்ததுபோல் அது துள்ளி வந்தது என்கிறார் சேக்கிழார். அமைச்சர்களின் வாதமும் நினைவில் இருக்கிறது: கன்று தானாக வந்து விழுந்தது, பரிகாரம் செய்தால் போதும். வேறொருவன் செய்திருந்தால் இப்படித்தான் சொல்வீர்களா என்ற கருத்தில் அரசன் மறுத்துவிடுகிறான்.

“நான் ஒழுங்காத்தான் சார் வந்தேன், அவங்கதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க.” விபத்து நடந்த இடத்தில் கூட்டத்துக்கு நடுவே கேட்கும் முதல் குரல் இது. பல நேரம் அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் கன்று என்றால் திடீரென்றுதான் வரும். இரும்புலியூரில் பேருந்தை விட்டு இறங்கும் பள்ளிப்பிள்ளை, பெருங்களத்தூரில் இரண்டு பைகளோடு சாலையைக் கடக்கும் அம்மா, நடுத்தடுப்பு ஓரம் படுத்திருந்து இருட்டில் எழுந்து வரும் நிஜமான மாடு. இவர்கள் யாரும் நம் கண்ணாடிக்கு முன்னால் அனுமதி வாங்கிக்கொண்டு வருவதில்லை.

வேக வரம்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: இன்னும் பார்த்திராத ஒருவருக்காக முன்கூட்டியே ஏற்கும் விரதம் அது. மணி அடித்த பிறகு வருவது தண்டனை. மணியே அடிக்க வேண்டாம் என்பதற்காக வைப்பது வரம்பு. சோழன் கதையில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, விரைவுச்சாலையில் காருக்கு 120 கிலோமீட்டர், பிரிக்கப்பட்ட நான்குவழிச் சாலையில் 100, நகர எல்லைக்குள் 70 என்று உச்ச வரம்பு வைத்தது. 2021-ல், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கையொட்டி, சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. இன்ஜின்கள் மேம்பட்டுவிட்டன, சாலைகள் மேம்பட்டுவிட்டன என்பது அரசுத் தரப்பு வாதம். ஓட்டுபவர்கள் விதிகளை மதிப்பதில் அந்த மேம்பாடு இல்லையே என்பது நீதிமன்றத்தின் கவலை. அந்த வளாகத்தில்தான் மனுநீதிச் சோழனின் சிலையும் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை நகருக்குள் காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வகுத்தது. எண்கள் மாறும், இன்னும் மாறட்டும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மாறாது.

அறுபதில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. நூறில் 28 மீட்டர். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த நொடி முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் நம் திறமை, அனுபவம், வண்டியின் விலை எதற்கும் வேலையில்லை. பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று நிமிர்ந்து உட்காரும் மனத்துக்கு, இந்தப் பதினேழு மீட்டர் மட்டும் உன் வசத்தில் இல்லை என்று பௌதிகம் சொல்லித் தருகிறது. இதைவிட எளிய ஞானோபதேசம் எனக்குக் கிடைத்ததில்லை.

புது வண்டி வாங்கும் சென்னைக்காரர்கள் அதை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்கு ஓட்டிப் போவார்கள். பூஜை முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். திருஷ்டி கழிக்கத்தான். ஆனாலும் வண்டியின் முதல் நகர்விலேயே, இந்தச் சக்கரத்தால் என்ன செய்ய முடியும் என்பதைச் சாமி நம் கண்ணுக்கே காட்டிவிடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

கேமராவைக் கண்டதும் பிரேக் மிதித்து, தாண்டியதும் முறுக்குவது சன்னிதியில் கைகூப்பிவிட்டுப் பிரகாரத்தில் சண்டை பிடிக்கிற பக்திதான். அபராதம் தேவைதான், அதோடு நின்றுவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்காது. வண்டலூர் தாண்டி, நள்ளிரவு, கேமரா இல்லை, சாலை காலி. அப்போது முள்ளை வரம்புக்குள் வைத்திருப்பது தவம். பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்து, விளக்கை மின்னி, முறைத்தபடி முந்திப் போவார். உள்ளே ஒன்று சுருக்கென்று தைக்கும். ‘அவன் யார் என்னை முந்த?’ அந்தச் சுருக்கை மட்டும் கவனித்துவிட்டு, காலை அசைக்காமல் இருந்து பாருங்கள். யாரோ ஒருவர் முந்தியதால் நமக்கு எதுவும் குறையவில்லை என்று தெரிய சில விநாடிகள் போதும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர் அளவு. அறுபதில் போனால் அரை மணி. எண்பதில் போனால் ஏழரை நிமிடம் மிச்சம். மிச்சமாகும் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்று ஒருமுறை யோசித்ததுண்டா? நான் பார்த்தவரை, பெரும்பாலும் போனைத்தான் எடுக்கிறோம்.

திருவாரூரில் கடைசியில் இறைவன் தோன்றி கன்றையும் இளவரசனையும் அமைச்சரையும் எழுப்பிவிட்டார். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த வேலை மனிதர் கையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதையும் எண்ணி விலக்கு வைத்திருக்கிறது. உதவ முன்வருபவரைப் பாதுகாக்க 134-ஏ இருக்கிறது. இதே சாலையில் தெற்கே, மேல்மருவத்தூரில், 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. கூடி நின்று படம் பிடிக்காமல் 108-ஐ அழைக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.